உன் மகளும் என் மல்டிமீட்டரும்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டாரின் நலமறிய ஆவல். கடிதத்தின் முதல் இரண்டு பக்கங்களை உன் இரத்தக் கொதிப்புக்கு ஒதுக்கிவிட்டு, கேட்க வந்ததைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைத்திருக்கிறாய். மகள் வாகன மெக்கானிக் ஆக வேண்டும் என்கிறாள். அதற்காகத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் இரண்டு ஆண்டுகளையும் ஒரு பெருந்தொகையையும் செலவிடுவது தகுமா, அல்லது என்னைப் போல நேரே பட்டறையில் சேர்ந்து கற்றுக்கொண்டால் போதுமா என்பது உன் கேள்வி. முப்பது ஆண்டுகளாகக் கையில் ஸ்பேனரோடு நிற்பவன், பள்ளியெல்லாம் வீண் என்றுதான் எழுதுவான் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், இதுவரை உன்னிடம் சொல்லாத ஒரு தலைக்குனிவைச் சொல்ல வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு கார் வந்தது; காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், மதியம் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும். பேட்டரியை மாற்றினேன், மூன்றே நாளில் வண்டி திரும்பி வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினேன், மீண்டும் வந்தது. வண்டிக்காரர் சத்தம் போடவில்லை, "உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் சொல்லிவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். அந்தச் சமயத்தில்தான் ஒரு மாலை நேர வகுப்பில் அரைமனதோடு சேர்ந்திருந்தேன். அங்கே ஆசிரியர், வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இஞ்சின் பிளாக்கில் துருவில்லாத இடத்திலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொன்னார். எர்த் பாதை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, நன்றாக இருந்தால் அந்த நேரத்தில் மீட்டர் அரை வோல்ட்டைக்கூடத் தொடக்கூடாது என்றார்; இப்படி வழியில் வோல்ட் விழுவதற்கு வோல்டேஜ் டிராப் என்று பெயர். மறுநாள் அந்தக் காரில் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை வோல்ட்டைத் தாண்டியது. இஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை மேலுக்குப் புதிது போல இருந்தது. போல்ட்டைக் கழற்றியபோது அடியில் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். பத்து நிமிட வேலை. கழற்றி எறிந்த பேட்டரியிலும் மோட்டாரிலும் ஒரு குறையும் இல்லை.

ஒன்பது ஆண்டுகளில் இதை ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்று பிறகு யோசித்தேன். யார் மீதும் குறையில்லை. பட்டறையில் வண்டி வெளியே போனால்தான் வரும்படி. "ஏன்" என்று கேட்டுக்கொண்டு நிற்கும் கையாளுக்கு விளக்கம் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டரின் வால்வு தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். ஆனால் வயர் என்றாலே "அதை எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வான்" என்று ஒதுங்கிவிடுவார். அவர் ஒதுங்கிய இடத்திலெல்லாம் நானும் ஒதுங்கப் பழகிவிட்டேன்.

இனி அப்படி ஒதுங்க வழியில்லை. வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் முறையை போஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்டது. இன்று ஜன்னல் கண்ணாடி இறங்குவதற்குக்கூடப் பல வண்டிகளில் அது வேண்டும். பொதுவாக அது ஓடும் இரண்டு வயர்களின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும், 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது என்று பொருள். இதை ஒருவர் சொல்லித் தராமல், ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. வண்டியின் கணினி பதிந்து வைத்த பழுதுக் குறியீட்டைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இருக்கிறதே என்பாய். ஸ்கேனர் பி0171 என்று காட்டினால், கலவையில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் சேரவில்லை என்றுதான் அது சொல்கிறது; ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. எங்கோ வெடித்த ஒரு வேக்குவம் குழாயோ, சோர்ந்துபோன பெட்ரோல் பம்ப்போ காரணமாக இருக்கலாம். குறியீட்டைப் படித்துவிட்டு உடனே சென்சாரை மாற்றுபவர்களை நான் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். அன்று பேட்டரி மாற்றிய நானேதான் அவர்கள்.

மின்சார வண்டிகளைப் பற்றி ஒரே ஒரு சொல். 400 வோல்ட், சிலவற்றில் 800 வோல்ட். உயர் மின்னழுத்தப் பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்த பிறகும் மின்தேக்கிகள் வடியத் தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, மின்சாரம் இல்லை என்று மீட்டரால் உறுதி செய்த பிறகே அந்த மின்சாரம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொட வேண்டும். எங்கள் காலத்தில் சுட்டால் கற்றுக்கொள் என்பார்கள். இந்த வேலையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு நாளைக்கே பள்ளிக்குப் பணம் கட்டிவிடாதே. சில ஆண்டுகளுக்கு முன் சான்றிதழும் நல்ல மதிப்பெண்ணுமாக ஒரு பையன் எங்களிடம் வந்தான். ஓம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். இஞ்சின் சூடாக இருக்கும்போதே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப் போனான். பிளக் இறுகி நின்றது. நீளமான கைப்பிடியைப் போட்டு இழுத்தான். பிளக்கோடு, அது திருகி நிற்கும் இஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டின் மரையும் சுருண்டு வந்தது. ஹெட்டை ஆறவிட வேண்டும், எண்ணெய் விட்டு அரைச் சுற்று முன்னும் பின்னுமாக அசைக்க வேண்டும் என்று புத்தகத்திலும் இருந்திருக்கும். ஆனால் மரை போவதற்கு ஒரு கணம் முன்னால் ஸ்பேனரில் தெரியும் அந்த மெத்தென்ற நெகிழ்வை எந்த வகுப்பறையிலும் எழுதிப்போட முடியாது. அது பத்து போல்ட்டை முறித்த பிறகு கைக்கு வருவது. அவன் படித்த இடத்தில் ஒரே இஞ்சினைச் சுற்றி முப்பது பேர் நின்றார்களாம். அவன் கை பட்டதே நான்கைந்து முறைதான்.

ஆகவே பள்ளியா பட்டறையா என்று கேட்பதை விட, எதை முதலில் என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஜெர்மனியில் மூன்றரை ஆண்டுப் பயிற்சியில் மாணவர் பட்டறை ஒன்றில் வேலை செய்துகொண்டே பள்ளிக்கும் போகிறார். 2003இல் அங்கே வாகன மெக்கானிக், வாகன எலக்ட்ரீஷியன் என்று தனித்தனியாக இருந்த தொழில்களை ஒரே தொழிலாக்கிவிட்டார்கள். அப்படி ஓர் ஏற்பாடு கைக்கு எட்டினால் வேறு யோசனையே வேண்டாம். எட்டாவிட்டால், முதலில் ஆறு மாதம் அவள் ஏதாவது ஒரு பட்டறையில் ஆயில் மாற்றி, டயர் கழற்றி, தரையைக் கூட்டட்டும். குனிந்து நிற்கும் முதுகும் கிரீஸ் ஏறிய நகமும் அவளுக்குச் சம்மதமா என்பது ஆறே மாதத்தில் தெரிந்துவிடும். சம்மதமில்லை என்றால் இரண்டு ஆண்டுக் கட்டணம் மிச்சம். சம்மதம் என்றால், மனத்தில் நூறு கேள்வியோடு வகுப்பில் போய் உட்காருவாள். அந்தக் கேள்விகள் இல்லாமல் உட்காருபவர்களுக்கு வோல்டேஜ் டிராப் தேர்வுக்கான பாடம் மட்டுமே.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது அலுவலகத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடாதே. செய்முறை வகுப்பு நடக்கும் நேரத்தில் போய் மாணவர்களின் கைகளைப் பார். எல்லாக் கைகளும் சுத்தமாக இருந்தால் திரும்பி வந்துவிடு. ஓடுகிற வண்டியில் ஆசிரியரே வேண்டுமென்று ஒரு பழுதை வைத்து மாணவர்களைத் தேடச் சொல்கிறாரா, அந்த ஆசிரியர் பட்டறையில் வேலை பார்த்தவர்தானா என்று கேள். சான்றிதழ் எத்தனை பக்கம் என்று மட்டும் கேட்காதே. கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் குறுகிய காலப் படிப்பு போதும், மின்சாரமும் பழுது கண்டறிதலும் உள்ளதாகப் பார்த்துச் சேர். ஏனென்றால் இத்தொழிலில் பல இடங்களில் கருவிகளையும் நாமேதான் வாங்க வேண்டியிருக்கிறது, கடனோடு அந்தச் செலவும் சேர்ந்தால் முதல் சில ஆண்டுச் சம்பளம் கண்ணில் படாது.

என் முழங்கால் வண்டிக்கு அடியில் படுத்து எழ மறுக்கிறது. அதனால் இப்போதெல்லாம் மீட்டரும் கையுமாக வயரிங் பழுது மட்டும் பார்க்கிறேன். விடுமுறையில் மகளை ஒரு வாரம் என்னிடம் அனுப்பு. பழைய இஞ்சின் ஒன்று ஸ்டாண்டில் நிற்கிறது. கழற்றி மறுபடி பூட்டட்டும், ஒரு போல்ட்டையாவது முறிக்கட்டும். மூடிய காலணி போட்டு வரச் சொல். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். பேட்டரி முனையில் ஸ்பேனரும் மோதிரமும் சேர்ந்து பட்ட ஒருவரின் விரலை நான் பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்