உப்ஷியில் வண்டியை நிறுத்திய டேங்கர் அண்ணனுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

திருப்பூர் வந்து சேர்ந்து இன்றோடு நாலு நாள். விரல் நுனிகளில் மரப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை, அதனால் மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதைத் தள்ளிப்போட மனசு வரவில்லை. லடாக்கில் பைக்கில் தனியாகப் போனபோது, பாங் என்கிற இடத்தில் ஒரு கூடாரத்தில், உயரம் ஒத்துக்கொள்ளாமல் நான் படுத்துவிட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களில் பாதிப் பேர் அந்த இரண்டு ராத்திரியும் எனக்காகத் தூங்காமல் இருந்தவர்கள். அதை மறுபடி விவரிக்கப்போவதில்லை. எழுந்து நடக்கிறேன், பசிக்கிறது, மூச்சை இழுத்தால் நெஞ்சு நிறைய வருகிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் செய்த காரியமே ஊர் வந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

மணாலியிலிருந்து லே போகிற சாலையில் பாங் ஒரு பொறி மாதிரியான இடம். சுமார் 4,600 மீட்டர் உயரம். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கீழே இறங்கு என்பார்கள். பாங்கில் இருந்து நேராகக் கீழே இறங்க வழியே இல்லை. மணாலிப் பக்கம் திரும்பினால் லாச்சுலுங் லா, லே பக்கம் போனால் தங்லங் லா. இரண்டுமே 5,000 மீட்டருக்கு மேலே இருக்கிற கணவாய்கள். எந்தப் பக்கம் இறங்குவதானாலும் முதலில் ஏறியாக வேண்டும். இதற்கிடையில் பனி கொட்டி இரண்டு கணவாயும் அடைத்துக்கொண்டது. வண்டிகள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றுவிட்டன. என்னிடம் இருந்தது பிரீபெய்டு சிம். வெளிமாநில பிரீபெய்டு எதுவும் லடாக்கில் வேலை செய்யாது. தெரிந்தும் மாற்றாமல் போனேன். கூடாரத்தில் இருந்த போனும் அன்று உயிரில்லாமல் கிடந்தது.

அந்தப் பேராசூட் கூடாரத்தை நடத்துகிற லடாக்கி அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து வீட்டு நம்பரைக் கேட்டது மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அம்மாவுடையது. சொன்னேன். குளிரில் பேனா எழுதவில்லை. புகாரி அடுப்பு மேலே பேனா முனையைக் காட்டிக் காட்டி, பிஸ்கட் டப்பா அட்டையைக் கிழித்து, என் பெயரையும் நம்பரையும் எழுதினார். அடுப்பைச் சுற்றி ஏழெட்டு டேங்கர் ஓட்டுநர்கள் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் இந்தச் சாலை மூடிவிடும் என்பதால், ராணுவத்துக்கான எரிபொருளை அதற்கு முன்பே டேங்கர்களில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த ஓட்டுநர்களில் பச்சைக் குல்லா போட்ட ஒருவர் அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். நான் அவரைப் பார்த்தது அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

மறுநாள் ஒற்றை வழியாகச் சாலை திறந்ததும் முதலில் கிளம்பிய வண்டிகளில் அவருடையதும் ஒன்று. மோரே சமவெளி, தங்லங் லா, அப்புறம் ருமட்சே பக்கம் இறக்கம். பாங்கில் இருந்து, லேக்கு முன்னால் வருகிற உப்ஷி என்கிற ஊர் வரைக்கும் 120 கிலோமீட்டருக்கு மேல் வரும். புதுப்பனி விழுந்த சாலையில், நிறைந்த டேங்கரோடு, அது ஒரு முழுநாள் வேலை. உப்ஷிக்கு வரும்போது ராத்திரி எட்டு மணி ஆகியிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்கள். அவர் ஒரு டீக்கடையில் போன் கேட்டு வாங்கி, அட்டையை எடுத்திருக்கிறார்.

அட்டையில் இருந்த ஓர் எண் 1 ஆ, 7 ஆ என்று அவருக்குப் புரியவில்லை. முதலில் 1 என்று போட்டிருக்கிறார். யாரோ எடுத்து, பாஷை புரியாமல் வைத்துவிட்டார்கள். மறுபடி அதே நம்பர், மறுபடி அதே ஆள். அப்புறம் 7 போட்டுப் பார்த்திருக்கிறார். இந்தத் தடவை மணி அடித்தது எங்கள் வீட்டில்.

அம்மா எடுக்கவில்லை.

எடுக்காதே என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான். போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒருவர் இப்படி ஓர் அழைப்பை நம்பிப் பணத்தை இழந்தார். அதிலிருந்து, "தெரியாத நம்பர் வந்தா எடுக்காதம்மா, இந்தியில பேசுனா உடனே வச்சிரு" என்று அம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தேன். என்னைப் பற்றித் தகவல் இல்லாமல் சாப்பிடாமல் கிடந்த நேரத்திலும் என் பேச்சைக் கேட்டு அம்மா அந்த அழைப்பை இரண்டு தடவை விட்டிருக்கிறார். மூன்றாவது தடவையும் அடித்தபோதுதான் எடுத்தார்.

எடுத்ததும் இந்தி. நடுவில் என் பெயர், கொஞ்சம் தப்பான உச்சரிப்பில். அந்த நொடி அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. முகம் தெரியாத ஆள், புரியாத பாஷை, நடுவில் பிள்ளையின் பெயர். கெட்ட சேதி இப்படித்தானே வரும்? அம்மா பட்டன் போனைக் காதில் வைத்தபடியே வெளியே ஓடி, எங்கள் லைன் வீட்டின் கடைசி அறைக் கதவைத் தட்டியிருக்கிறார். அங்கே இருப்பது பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பீகார் பையன்கள். குடிவந்து எட்டு மாசம் ஆகிறது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பார்த்துச் சிரித்ததைத் தவிர அம்மா அவர்களோடு பேசியதில்லை. அரிசி கழுவிக்கொண்டிருந்த பையன் ஈரக் கையோடு போனை வாங்கியிருக்கிறான். அதுவரைக்கும் உப்ஷியில் அந்த மனிதர் போனை வைக்கவில்லை. அம்மா ஓடுகிற சத்தத்தையும் அழுகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார்.

அந்தத் தம்பி அம்மாவிடம் சொன்னதை அம்மா அப்படியே சொல்லிக் காட்டினார்: "அம்மா, அண்ணா நல்லா இருக்கு. தலைவலி மட்டும். டாக்டர் பாத்தாச்சு. கஞ்சி குடிச்சாச்சு. அழக் கூடாது சொல்றாங்க."

நான் கஞ்சி குடிக்கவில்லை. அவர் கிளம்பும்போது ஒரு வாய்த் தண்ணீர்கூட என் வயிற்றில் தங்கவில்லை. ராணுவ மருத்துவ அறைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனதே அவர் கிளம்பிய பிறகுதான். கஞ்சி, டாக்டர் இரண்டையும் அவராகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். பிள்ளை சாப்பிட்டானா என்பதுதான் அம்மா முதலில் கேட்கும் கேள்வி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பொய்க்காக நான் அவர் காலில் விழுவேன்.

அப்புறம் போனை அம்மாவிடமே கொடுக்கச் சொல்லி, "டீக் ஹை, மாஜி. டீக் ஹை, டீக் ஹை" என்று மெதுவாக நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது அம்மா என்று அர்த்தம். சின்னக் குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி இருந்தது என்றார் அம்மா. அன்றைக்கு ராத்திரி இரண்டு நாளில் முதல்முறையாகச் சோறு சாப்பிட்டார். இன்றைக்கும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "டீக் ஹை" என்றுதான் சொல்கிறார்.

மற்ற எல்லோரையும் சேர்த்தே சொல்கிறேன், யாரும் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட அந்தக் கூடாரத்து அம்மா (அவர்கள் பாஷையில் அம்மாவை அமாலே என்கிறார்கள், அப்படித்தான் கூப்பிட்டேன்). நான் தமிழில் புலம்பியதற்கு மலையாளத்தில் பதில் சொல்லிக்கொண்டே ஆக்சிஜன் மாட்டிவிட்ட ராணுவ மருத்துவ உதவியாளர். எல்லைச் சாலை அமைப்புக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்து, அந்தப் பனியில் மண்வாரியும் கையுமாக நின்ற தொழிலாளிகள். என்னையும் வண்டியையும் பிக்கப்பில் ஏற்றி லே ஆஸ்பத்திரியில் இறக்கிய அண்ணன். இங்கிருந்தே தெரிந்த, தெரியாத எல்லா நம்பருக்கும் போன் போட்ட நம் ரைடர் நண்பர்கள். அதற்கெல்லாம் முன்னால், பலோதிப் பக்கம் தார் பாலைவனத்து வெயிலில் பஞ்சரோடு நின்றபோது, பஞ்சர் ஒட்டிக்கொடுத்து, காசு வாங்காமல் ஒரு செம்பு மோரும் கொடுத்த பெரியவர். 2016 மே மாதம் 51 டிகிரி அடித்த ஊர் அது. அந்தச் சூட்டைத் தாங்கிவிட்டோம், இனி எதையும் தாங்கலாம் என்று நினைத்துவிட்டேன். தப்பு அங்கேதான் தொடங்கியது. லடாக்கும் பாலைவனம்தான். லேயில் வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. ஆனால் மணல் பாலைவனத்தில் தாங்கிய உடம்பு இந்தக் குளிர் பாலைவனத்திலும் தாங்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

தனியாகப் போனதற்காக நான் வருத்தப்படவில்லை. அவசரப்பட்டதற்காக வருத்தப்படுகிறேன். மணாலி 2,050 மீட்டர். அன்றைக்கு ராத்திரியே சர்ச்சுவில், கிட்டத்தட்ட 4,300 மீட்டரில் படுத்தேன். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பார்கள். அதைப் படித்தும் இருந்தேன். பாங்கில் கிடைக்கிற காற்றில் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூடுதல். வேகமாகப் போய் நான் மிச்சம் பிடித்த இரண்டு நாளும், அம்மா பட்டினி கிடந்த இரண்டு நாளாகப் போனது. மறுபடி போனால் ஸ்ரீநகர் வழியாகத்தான். அங்கிருந்து கார்கில், அப்புறம் லே. உடம்புக்குப் பழக நேரம் கிடைக்கும். போகும்போது போஸ்ட்பெய்டு சிம் எடுத்துக்கொள்வேன். வீட்டு நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி ஜாக்கெட்டுக்குள் தைத்துக்கொள்வேன். ஏழுக்கு நடுவில் ஒரு கோடும் போடுவேன்.

இன்னொன்றும் முடிவு பண்ணியிருக்கிறேன். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் இனி எடுப்பேன். ஏமாற்றுக்காரனாக இருந்தால் வைத்துவிட ஒரு நொடி போதும். அது யாரோ ஒருவர் நாள் முழுக்க வண்டி ஓட்டி வந்து, 1 ஆ, 7 ஆ என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த அழைப்பாகவும் இருக்கலாம் இல்லையா? வழியில் யாராவது தங்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், எத்தனை தடவை அடித்தாலும் சரி, எடுக்கும்வரை அடிப்பேன்.

அன்றைக்கு உப்ஷியிலிருந்து அழைப்பு வந்த நம்பருக்கு நேற்று பீகார்த் தம்பியை வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தோம். டீக்கடைக்காரர்தான் எடுத்தார். அன்றைக்கு வந்து பேசியவர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பனி உருகினதும் அந்த ராத்திரி ஏகப்பட்ட டேங்கர் வந்தது, பச்சைக் குல்லா பாதிப் பேர் போட்டிருப்பார்கள் என்றார். சாலை மூடுவதற்குள் எல்லாரும் இன்னும் இரண்டு மூன்று நடை வருவார்களாம்.

அம்மா நேற்று ராத்திரியே வெல்லப்பாகு காய்ச்சி மாவு பிசைந்து வைத்துவிட்டார். இன்றைக்குக் காலையில் இருந்து அதிரசம் சுட்டுக்கொண்டிருக்கிறார். பத்துப் பதினைந்து நாள் கெடாது. லே வரைக்கும் பார்சல் போகும், அங்கிருந்து உப்ஷி பஸ்ஸில் கொடுத்துவிட ஓர் ஆளைப் பிடித்திருக்கிறேன். "ஆள் யாருன்னே தெரியலையேம்மா, கடைக்காரர் யாருக்குக் கொடுப்பார்?" என்று கேட்டேன்.

அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அம்மா சொன்னார்: "டேங்கர் ஓட்டிட்டு யாரு வந்தாலும் ஆளுக்கு ரெண்டு குடுக்கச் சொல்லு."