லண்டன் குரோய்டனிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

தோட்டத்து லயத்தில் நம் விபரங்களைப் பதியச் சொல்லி ஒரு படிவம் வந்திருக்கிறது, நிரப்ப மாட்டேன் என்று நீ எழுதிய கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. பதில் போடாதது என் பிழை. நான் நல்லா இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். ஓவர்டைம் நானாகத்தான் கேட்டு வாங்குகிறேன். ஹீட்டர் அதிகம் போடுவதில்லை, கம்பளி போதும். ரொட்டி சுடுகிறேன். சம்பலுக்குத்தான் காய்ந்த தேங்காய்த்தூள், அம்மியில் அரைத்த ருசி வராது.

பக்கத்து வீட்டுக் கிழவர் வாசலில் வைத்த கமராவுக்குக் கீழே பெரிய அறிவித்தல் ஒட்டியிருக்கிறார். கமரா ரோட்டையும் பிடிப்பதால் சட்டப்படி சொல்லத்தான் வேண்டும். என் உருவம் பதிந்திருந்தால் பிரதி கேட்கலாம், ஒரு மாதத்துக்குள் காசில்லாமல் தர வேண்டும். இங்கேயும் எல்லாம் சுத்தம் என்று நினைக்காதே. தெருவில் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் பொலிஸ் கமரா நிற்கும். தென் வேல்ஸ் பொலிஸ் அதைப் பாவித்த விதம் சட்டவிரோதம் என்று 2020-ல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. யாரைத் தேடும் பட்டியலில் போடுவது, எங்கே கமரா வைப்பது என்பதெல்லாம் பொலிஸ்காரர் இஷ்டத்துக்கு விடப்பட்டிருந்ததே காரணம்.

லயத்துக்கு வந்த படிவத்தையும் அப்படித்தான் பார். எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறார்கள், யார் கையில் இருக்கும், எத்தனை வருடம்? இலங்கையின் 2016-ஆம் ஆண்டு 12-ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுது. காரணம் சொல்லத் தேவையில்லை. கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் வாங்காமல் திரும்பாதே, அவர்கள் முடிவு சொல்ல வேண்டிய 14 வேலை நாள் கணக்கு அதை வைத்துத்தான். மறுத்தால் 14 நாளுக்குள் மேன்முறையீடு போடு.

ஒரு காலத்தில் துண்டு என்ற தோட்டத்துச் சீட்டு இல்லாமல் நம் ஆட்கள் தோட்டம் மாற முடியாது. எவ்வளவு கடன் என்று அதில் எழுதியிருக்கும். 1921-ல்தான் அது ஒழிந்தது. 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது காட்டப் பத்திரம் இல்லாமல் நாடற்றவரானோம். நம் பத்திரம் அடுத்தவன் கையில் இருந்தாலும் ஆபத்து, நம் கையில் இல்லாவிட்டாலும் ஆபத்து. அதனால் பதிவே வேண்டாம் என்று அடம்பிடிக்காதே. அடையாள அட்டைப் பிரதி கொடுத்தால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்கு என்றும் திகதியும் எழுது.

வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களைத் திறந்து பார், தெரியாதது இருந்தால் வெளியேற்று. ஆறு இலக்க இரகசிய எண்ணும் போடு. போனுக்கு விரல் ரேகைப் பூட்டு வேண்டாம், விரலைப் பிடித்து வைத்தால் திறந்துவிடும். வாட்ஸ்அப்பில் எழுதியதை நடுவில் வெளியாள் படிக்க முடியாது. ஆனால் சாதாரண அழைப்பில் யாரோடு, எப்போது, எந்தக் கோபுரத்தின் கீழ் என்பது தொலைபேசி நிறுவனத்திடம் பதிந்திருக்கும்.

நேற்று கடையில் தேயிலைப் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தேன். ஃபெக்டரி வாசலில் அப்பாவுக்காகக் காத்து நின்ற மாதிரியே இருந்தது. அதற்குமேல் எழுத வரவில்லை.

அப்பாவின் சேமலாப நிதிக் காசைக் கேட்கப் போகுமுன் செக்ரோலில், அதுதான் தோட்டத்து வேலைப் பதிவேட்டில், உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார். கூரைத் தகரத்துக்கு இருபதாம் திகதிக்குப் பிறகு அனுப்புகிறேன். தங்கச்சியைப் பார்க்க வருபவர்களிடம் தை கழியட்டும் என்று மாமாவைச் சொல்லச் சொல்.

அன்புடன்,
அண்ணன்