முதல் நாளே கிசாவுக்கு ஏன் அழைத்துச் செல்வதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எகிப்துப் பயணத்துக்குப் பதிவு செய்தவர்களின் கைக்குப் புதிய பயணத்திட்டம் வந்து சேர்ந்ததிலிருந்து அலுவலகத் தொலைபேசியில் ஒரே கேள்விதான்: "பெரிய பிரமிடை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவிட்டீர்களே, ஏன்?" ஒவ்வொருவரிடமும் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

முன்பு கெய்ரோவில் இறங்கிய மறுநாள் காலையே, பெரிய பிரமிடு இருக்கும் கிசாவில் நிற்போம். எல்லோரும் மலைத்துப்போவார்கள். அதற்கடுத்த நாள் அதைவிடப் பழைய படிப் பிரமிடு இருக்கும் சக்காராவுக்குப் போனால் பாதிப் பேருக்குப் பேருந்தை விட்டு இறங்கவே மனம் வராது. "நேற்றுப் பார்த்ததைவிடச் சின்னதுதானே" என்றார் ஒரு பெரியவர். பிழை அவருடையது அன்று. வரிசையைத் தலைகீழாக அமைத்த எங்களுடையது. ஆகவே இந்த முறை எகிப்தியர்கள் கட்டிய வரிசையிலேயே பார்க்கப் போகிறோம்.

முதல் நாள் சக்காரா. அதுவரை அரசர்களைச் செங்கல்லால் ஆன, மேல்பக்கம் தட்டையான சமாதிகளில்தான் அடக்கம் செய்தார்கள். கி.மு. 2650 வாக்கில் ஜோசர் மன்னருக்காக ஒன்றன்மேல் ஒன்றாக 6 படிகள் கல்லிலேயே எழும்பின. உயரம் சுமார் 60 மீட்டர். இம்ஹோதெப் என்பவர் இதன் சிற்பி என்பது மரபு. அங்கே வளாகத்தின் நுழைவு மண்டபத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். நாணல் கட்டுகளைப் போலத் தூண்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கூரைக் கல்லை மரக்கட்டைகளை அடுக்கியதுபோல் உருட்டி வடித்திருக்கிறார்கள். தூண் தனியாக நிற்குமா என்ற நம்பிக்கை இன்னும் வரவில்லை போலும், ஒவ்வொன்றையும் பக்கச் சுவரோடு இணைத்தே கட்டியிருக்கிறார்கள். நாணலையும் மரத்தையும் செங்கல்லையும் அறிந்த கைகள் கல்லைப் பழகிக்கொள்ளும் இடம் அது.

இரண்டாம் நாள் தாஷூர். இந்தப் பயணத்தில் எங்கள் மனத்துக்கு மிக நெருக்கமான நாள் இதுதான். ஸ்னெஃபெரு என்ற மன்னர் இங்கே இரண்டு பிரமிடுகளைக் கட்டினார். முதலாவது ஏறக்குறைய 54 பாகைச் சரிவில் எழத் தொடங்கியது. அடியில் நிலம் உறுதியாக இல்லை. கட்டடம் இறங்கியது, உள்ளறைகளில் விரிசல் விட்டது. லெபனான் தேவதாரு மரத்தை உள்ளே முட்டுக்கொடுத்தார்கள். அந்த மரம் இன்றும் இருக்கிறது. பிறகு பாதி உயரத்தில் சரிவை 43 பாகையாகக் குறைத்து முடித்தார்கள். அதனால்தான் அது தோள் ஒடுங்கியதுபோல் வளைந்து நிற்கிறது. மன்னர் அதோடு விடவில்லை. சற்று வடக்கே அடியிலிருந்தே 43 பாகை வைத்து மற்றொன்றை எழுப்பினார். 105 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிவப்புப் பிரமிடுதான் மழமழப்பான நான்கு பக்கங்களோடு முழுமையாக நின்ற முதல் பிரமிடு.

சிவப்புப் பிரமிடின் உள்ளே போக விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது: வெளியே படியேறி வாசலை அடைந்த பிறகு, ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத சுரங்கப்பாதையில் சுமார் 60 மீட்டர் குனிந்தபடி இறங்க வேண்டும். முழங்கால் வலி, மூச்சுத்திணறல், இதயக் கோளாறு உள்ளவர்கள் தயவுசெய்து வெளியிலேயே இருங்கள். எங்கள் ஆள் ஒருவர் உங்களோடு இருப்பார்.

மூன்றாம் நாள் கிசா. பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு, ஸ்னெஃபெருவின் மகன். அப்பா பட்ட பாட்டை முந்தின நாள் பார்த்துவிட்டு வந்தால், 230 மீட்டர் அகல அடித்தளமும் 146 மீட்டர் உயரமும் (இன்று சுமார் 138) ஏறத்தாழ 23 லட்சம் கற்களும் வேறு மாதிரித் தெரியும். உள்ளே பெருங்கூடத்தில் ஒவ்வொரு வரிசைக் கல்லும் சற்றே முன்தள்ளி 8 மீட்டருக்கு மேல் போய்க் கூடுகிறதே, அந்த உத்தியைத் தாஷூர் அறைகளில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். கிசாவின் வெள்ளை மேலுறைக் கற்களைப் பிற்காலத்தவர் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தாஷூரின் வளைந்த பிரமிடிலோ அவை பெரும்பகுதி அப்படியே இருக்கின்றன. கூஃபுவின் பிரமிடு அன்று எப்படி இருந்திருக்கும் என்பதற்கும் தாஷூர்தான் சாட்சி.

பிரமிடுகள் அடிமைகளைச் சவுக்கால் அடித்துக் கட்டியவை என்று இன்னும் பலர் எங்களிடம் சொல்கிறார்கள். கிடைத்த சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. கிசாவிலேயே பணியாளர்களின் கல்லறைகளும் ரொட்டி சுட்ட அடுக்களைகளும் கிடைத்துள்ளன. 2013இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் என்ற நாணல் வகைச் செடியால் செய்த தாள் சுருள்கள் அகப்பட்டன. மெரர் என்ற அதிகாரி தன் ஆட்களோடு தூரா என்ற கல் வெட்டும் இடத்திலிருந்து கிசாவுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் கொண்டுவந்ததை நாள்வாரியாக அவற்றில் குறித்து வைத்திருக்கிறார். அன்றைய வேலைக்கணக்கு அது. 4,500 ஆண்டுகளுக்குப் பிறகும் படிக்க முடிகிறது என்பதை நினைத்தால் எங்களுக்கு உடல் சிலிர்க்கிறது.

இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். வாசனைத் தைலக் கடைக்கும் பாப்பிரஸ் ஓவியக் கடைக்கும் அழைத்துப் போகும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். வாங்க விரும்புகிறவர்கள் கடைசி நாள் மாலை தாங்களாகவே போகலாம்.

லக்சர், கார்னக் கோயில்கள் திட்டத்தில் அப்படியே உள்ளன. அபு சிம்பல் கோயில்களும் விட்டுப்போகவில்லை. அஸ்வானிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் என்பதால் விடியலுக்கு முன்பே கிளம்புவோம். அஸ்வான் உயர் அணையால் உருவான நாசர் ஏரியில் மூழ்காமல் காக்க 1964 முதல் 1968 வரை அந்தக் கோயில்களை அறுத்தெடுத்து 65 மீட்டர் மேலே மறுபடி பொருத்தினார்கள். அந்தக் கதையைப் போகும் வழியில் பேருந்தில் சொல்கிறோம்.

கட்டணத்தில் மாற்றம் இல்லை. தாஷூர் நாளன்று ஓய்வெடுக்க விரும்பும் மூத்தவர்கள் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பாக அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். விடுதியில் மதிய உணவுக்கு ஏற்பாடு செய்ய அந்த அவகாசம் தேவைப்படுகிறது.

அன்புடன்,
பயண அலுவலகத்தார்