கேள்வியோடு சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்திரிகையாளரும் நாடக ஆசிரியருமான சோ ராமசாமியை நினைவுகூரும்போதெல்லாம் ‘நறுக் பதில்கள்’ என்று பத்துப் பதினைந்து வரிகளை உதிரியாகப் போடும் வழக்கத்தைத் தங்கள் நாளிதழ் கைவிட வேண்டும். 1970 பொங்கலன்று அவர் தொடங்கிய ‘துக்ளக்’ பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதிக்குப் பாதி பலம் கேள்வியில்தான் இருந்தது. வாசகரின் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கும், பெரும்பாலும் ஒரு தலைவர் மீதோ ஒரு வாக்குறுதி மீதோ. சோ அதை மறுத்து வாதாட மாட்டார். சரி என்று ஏற்றுக்கொண்டு, அதே தர்க்கத்தில் இன்னும் ஓர் அடி எடுத்து வைப்பார். அபத்தம் தானாக வெளியே வந்து நிற்கும். கேள்வியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் நக்கல்.

மேடையிலும் இதே உத்திதான். 1968ல் அரங்கேறிய ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தில், கட்சி மாறி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. மொழிச் சண்டைக்குத் தீர்வு, பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குவது! 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும், 1967ல் ஹரியானா எம்.எல்.ஏ. ஒருவர் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி தாவியதும் சூடு ஆறாமல் இருந்த நேரம் அது. கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததே 1985ல்தான். இந்தப் பின்னணியைச் சொல்லாமல் வசனத்தை மட்டும் போட்டால், இன்றைய இளைஞருக்கு அது கோமாளித்தனமாகத்தான் படும்.

‘எல்லாரையும் ஒரே மாதிரி அடித்தார்’ என்று தாங்கள் எழுதுவதும் சரியில்லை. நெருக்கடி நிலையை எதிர்த்தார், தி.மு.க.வைப் பல காலம் சாடினார். ஆனால் 1996ல் அதே தி.மு.க.வும் தமிழ் மாநில காங்கிரசும் (த.மா.கா.) கூட்டணி சேர முன்நின்று உழைத்தார். பா.ஜ.க. மீதான சாய்வை அவர் மறைத்ததில்லை. 1999ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகவும் போனார். பெண்கள் பற்றிய அவர் கருத்துகள் பலரைப் புண்படுத்தின, அதில் நியாயம் உண்டு. சார்பு வெளிப்படையாக இருந்ததால்தான் அவரோடு உடன்படாதவர்களும் அவர் எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்று தெரிந்து படித்தார்கள். அவரை நடுநிலையாளர் ஆக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆகவே இனி ஒவ்வொரு பதிலுக்கும் மேலே முழுக் கேள்வியையும், கீழே இதழ் தேதியையும், அந்த வாரத்துச் செய்தி என்ன என்று இரண்டு வரிகளையும் போடுங்கள். தேதி கிடைக்காத வரி எதுவானாலும், எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றினாலும், பழைய இதழில் கண்ணால் பார்க்கும்வரை அவர் பெயரில் அச்சேற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர்