தொட்டியிலிருந்து போகிற வாயுவையும் அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்தி கார்பன் வெளியேற்றத்தைக் குறைப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தில் பல வருடமாக ஷிஃப்ட் பார்க்கிற எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தொட்டியிலிருந்து நேராகக் காற்றில் கலக்கிற நைட்ரஸ் ஆக்சைடு பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

பல் மருத்துவர்கள் வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கிற சிரிப்பூட்டும் வாயு என்றால் பலருக்குப் புரியும், அதேதான். நூறு வருடக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாலும் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

மனிதக் கழிவில் இருக்கிற நைட்ரஜன் பெரும்பாலும் அமோனியாவாகத்தான் எங்களிடம் வந்து சேர்கிறது. அதை அப்படியே ஆற்றில் விட்டால் பாசி மண்டி மீன்கள் செத்துப்போகும். அதனால் ஏரேஷன் டேங்கில் காற்றை ஊதி, ஒரு வகை பாக்டீரியாவால் அமோனியாவை நைட்ரைட்டாகவும் இன்னொரு வகையால் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறோம். அப்புறம் காற்று ஊதாத தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டைப் படிப்படியாகச் சிதைத்து வெறும் நைட்ரஜனாக்கி விடுகின்றன. அதில் கடைசிக்கு முந்தைய படிதான் நைட்ரஸ் ஆக்சைடு. கடைசிப் படியை முடிக்கிற என்சைமுக்கு ஆக்சிஜன் ஆகாது, பாக்டீரியாவுக்குத் தின்னக் கரிமப்பொருள் போதாவிட்டாலும் வேலை பாதியில் நின்றுவிடும். காற்று ஊதுகிற தொட்டியிலும் இது உருவாகும்: ஆக்சிஜன் குறைந்து நைட்ரைட் தேங்கினால், அமோனியாவை மாற்றுகிற பாக்டீரியாவே நைட்ரைட்டை நைட்ரஸ் ஆக்சைடாக்க ஆரம்பித்துவிடும், கீழேயிருந்து எழும்பும் குமிழிகள் அதை அள்ளிக்கொண்டு மேலே போய்விடும்.

இங்கேதான் அந்தக் கட்டுரையோடு எனக்கு இடிக்கிறது. நிலையத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைக் காற்று ஊதுகிற புளோயர்களே சாப்பிடுகின்றன, எனவே மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் கை வைப்பது காற்றில்தான். மேலிருந்து சொன்னார்கள் என்று நானே இரவு ஷிஃப்டில் குறைத்து வைத்திருக்கிறேன். தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனைக் காட்டுகிற டிஓ மீட்டரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டியது 0.5-க்கு இறங்கி நிற்கும். காலையில் ஊர் எழுந்து குளித்துக் கழிப்பறை போன தண்ணீர் ஒரேயடியாக வந்து சேரும்போது அமோனியா சட்டென்று ஏறும், சாம்பிள் எடுத்து சோதனைப் பட்டையை நனைத்தால் நைட்ரைட் கட்டம் நல்ல இளஞ்சிவப்பாக மாறும். அன்றைய மின் கணக்கு பிரமாதமாக இருக்கும். அந்த நேரத்தில் தொட்டியிலிருந்து எவ்வளவு வாயு போனது என்பதை யாரும் அளக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. நாளுக்கு 1,000 கிலோ நைட்ரஜன் வருகிற நிலையம், அதாவது சுமார் ஒரு லட்சம் பேருக்கானது என்று வைத்துக்கொள்வோம். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2006-இல் தந்த வழிமுறைப்படி, நிலையத்திலிருந்து நேராக வெளியேறுவது ஆளுக்கு வருடத்துக்கு 3.2 கிராம், ஆக மொத்தம் 320 கிலோ. அந்த எண் வட அமெரிக்காவில் ஒரே ஒரு நிலையத்தில் செய்த அளவீட்டிலிருந்து வந்தது. 2019-இல் திருத்தியபோது, உள்ளே வரும் நைட்ரஜனில் 1.6 சதவீதம் இப்படிப் போகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அதன்படி பார்த்தால் அதே நிலையத்துக்கு வருடம் 9 டன்னுக்கு மேல் வருகிறது. நாளுக்கு 16 கிலோ நைட்ரஜன், அதோடு சேர்கிற ஆக்சிஜனின் எடையையும் கூட்டினால் 25 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடில் சொன்னால் கிட்டத்தட்ட 7 டன்!

இந்த 1.6-உம் சராசரிதான், நிலையத்துக்கு நிலையம், மாதத்துக்கு மாதம் ரொம்பவே மாறும். நெதர்லாந்தின் கிராலிங்ஸ்வேர் நிலையத்தில் 16 மாதம் தொடர்ந்து அளந்தபோது, அந்த நிலையத்தின் மொத்தக் கார்பன் கணக்கில் சுமார் முக்கால் பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக இருந்தது. ஹெல்சின்கியின் வீகின்மேக்கி நிலையம் பாறைக்குள் குடைந்து கட்டியது, வெளியேறும் காற்றைச் சேர்த்துப் பிடிக்க முடிகிறது என்பதால் அங்கேயும் தொடர்ந்து அளக்கிறார்கள். ஒரு வாரம் சாம்பிள் எடுத்துவிட்டு வருடக் கணக்கை எழுதினால் அது தப்பாகத்தான் இருக்கும்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் நைட்ரஜனை நீக்கவே வேண்டாம் என்று தயவுசெய்து யாரும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நாங்கள் நீக்காமல் விட்டால் ஆற்றிலிருக்கிற பாக்டீரியாக்கள் இதே வேலையைச் செய்யும், அங்கேயும் இதே வாயு வரும், மீனும் மிஞ்சாது. கேட்பதெல்லாம், தொட்டியில் ஒரு சென்சார் போட்டு, மேலே மிதக்கிற மூடி வைத்து வாயுவைப் பிடித்து, டிஓ-வையும் நைட்ரைட்டையும் அதோடு சேர்த்துப் பார்த்துக் காற்றைச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் புதுப்பித்த நகரக் கழிவுநீர்ச் சட்டத்தில் நைட்ரஸ் ஆக்சைடு போன்ற பூமியைச் சூடாக்கும் வாயுக்களைக் கண்காணிப்பதைச் சேர்த்துவிட்டார்கள்.

அடுத்த முறை மின்சாரத்தைக் குறைத்த நிலையம் என்று ஒன்றைப் பற்றி எழுதும்போது, காற்றைக் குறைத்த பிறகு நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு வந்தது, எத்தனை மாதம் அளந்தீர்கள் என்ற இரண்டு கேள்வியையும் உங்கள் நிருபர் அவர்களிடம் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர் ஒருவர்