புகை அடித்தால் முட்டை சாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை விட்டு வெயில் எறித்ததும் மட்டக்களப்பில் டெங்குப் பேச்சு தொடங்கிவிடும். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் ஒழுங்கை முழுக்கப் புகை. சனத்துக்கும் நிம்மதி. ஆனால் புகையில் சாவது பறக்கிற நுளம்பு மட்டும்தான். அதன் முட்டை, தண்ணீர் வற்றிய பரலின் உள்விளிம்பில் ஒட்டியபடி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, தும்பால் உரஞ்சிக் கழுவ வேண்டும்.

இன்னொன்று. காய்ச்சலின் முதல் நாட்களில் நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்கும். அப்போது கடிக்கும் நுளம்பு, 8 முதல் 12 நாட்களில் மற்றவர்களுக்குப் பரப்பத் தயாராகி, சாகும்வரை பரப்பும். ஆகவே வலை முதலில் வேண்டியது நோயாளிக்குத்தான், அதுவும் பகலில். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில்தானே கடிக்கிறது! அது அதிக தூரம் பறப்பதுமில்லை. கொழும்பில் கடி வாங்கி பஸ் ஏறி வருகிற நாங்கள்தான் நோயை ஊருக்கு ஊர் கொண்டுபோகிறோம்.

கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பூட்டிய வளவு. உரிமையாளர் வெளிநாட்டில். பீலியில் சருகு அடைத்து, தேங்கிய தண்ணீரில் குடம்பி நெளிகிறது. புகை அடிப்பவர்கள் படலை வரை வந்து திரும்பிவிடுகிறார்கள். சுகாதாரப் பரிசோதகர்கள் இப்படியான வளவுகளைத் திறந்து பார்க்க வேண்டும். திறப்பு யாரிடம் இருக்கிறதென்று அயலவர்களுக்குத் தெரியும், கேட்டால் சொல்வோம்.

வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.