தேதி சொன்னவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஜெயிலில் தம்பியைத் தனிக்கொட்டடியிலிருந்து பொதுத் தொகுதிக்கு மாற்றிவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வக்கீல் போன் செய்து சொன்னார். அப்போது ஒரு பையனின் பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு, மிச்சமிருந்த காஜா எல்லாவற்றையும் தப்பான பக்கத்தில் எடுத்து முடித்த பிறகுதான் கவனித்தேன். அந்தச் சட்டை வீணாகிவிட்டது. துணிக்காசு வேண்டாம் என்று சொன்ன அந்தப் பையனின் அம்மாவுக்கும் இதிலேயே ஒரு நன்றி.

நடந்ததையெல்லாம் மறுபடி எழுதப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் எங்களோடு கையெழுத்துப் போட்டவர்கள், மீதிப் பேர் கையெழுத்து வாங்க அலைந்தவர்கள். தம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஊபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்கில் ஜாமீன் குதிரைக்கொம்பு. ஆனால் இப்போது அவனுக்குப் பேச ஆள் இருக்கிறது, காலையில் நடக்க முற்றம் இருக்கிறது. இந்த மூன்று நாளாக நானும் ஒழுங்காகத் தூங்குகிறேன்.

இந்த மடலில் நான் முக்கியமாக நன்றி சொல்ல வேண்டியவர் உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவர். பெயர் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். "மறுபடி உள்ளே போனா அங்க உள்ளவங்க ஞாபகம் வச்சிருப்பாங்கக்கா" என்றார். மறுபடி போகமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சப்பை. "அண்ணனோட அக்காவா?" என்று கேட்டார். இந்த வழக்கு வந்த நாளிலிருந்து முன்பின் தெரியாதவர் யார் வந்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். யாரென்று விசாரித்தேன். பிக்பாக்கெட் வழக்கில் தண்டனை முடிந்து மூன்று நாளுக்கு முன்தான் வெளியே வந்ததாகச் சொன்னார். நான் செய்த முதல் காரியம், மேஜைமேல் இருந்த பர்ஸை எடுத்து டிராயருக்குள் போட்டதுதான். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

அவருக்கு உள்ளே கொடுத்திருந்த வேலை, தம்பி இருந்த தொகுதியைக் கூட்டுவதும் சாப்பாடு கொண்டுபோய் வைப்பதும். தம்பியோடு யாரும் பேசக்கூடாது என்று உத்தரவாம். இவர் தட்டை வைத்துவிட்டுக் குனிந்தபடியே, "அண்ணே, இன்னிக்கு வியாழன், பதினெட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாராம். மறுநாள், "வெள்ளி, பத்தொன்பது." அவ்வளவுதான். வேறு பேச்சே கிடையாது. ஒரு நாள் மட்டும் தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டாராம். அது நினைவுக்கு வந்ததும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லையாம். மறுநாள் காலையில், "நேத்து தப்பா சொல்லிட்டேண்ணே, மன்னிச்சுக்குங்க" என்று சேர்த்துச் சொன்னதற்கு, பார்த்துக்கொண்டிருந்த வார்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

ஏன் தேதி சொன்னீர்கள் என்று கேட்டேன். "எனக்கு எத்தனை நாள் பாக்கின்னு தெனமும் எண்ணிக்கிட்டுதானே இருப்பேன். எண்ணுனதை அண்ணனுக்கும் ஒரு வாட்டி சொன்னேன். எனக்கு என்ன செலவு?" என்றார்.

அந்த எண்ணிக்கைதான் எங்கள் வழக்கையே நிற்கவைத்தது. தம்பியை மாற்றக் கேட்டு நாங்கள் போட்ட மனுவுக்குப் பதில் மனு போட்டவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இது தனிமைச் சிறை இல்லையாம், பாதுகாப்புக்காகத் தனி அறையாம். இது புதுச் சாக்கு இல்லை. 1978இல் சுனில் பத்ரா என்ற கைதியின் வழக்கிலும் 1894ஆம் வருடத்துச் சிறைச் சட்டத்தின் 30ஆம் பிரிவைக் காட்டி இதே போன்ற சாக்கைத்தான் சொன்னார்கள். தூக்குத் தண்டனை பெற்றவரையே அந்தப் பிரிவின் பெயரால் தனிமைச் சிறையில் அடைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். தனிமைச் சிறை என்பதே ஒரு தண்டனை. அதை நீதிமன்றம்தான் விதிக்க முடியும், அதிலும் ஒரே மூச்சில் 14 நாளுக்கு மேல் கூடாது என்று பழைய தண்டனைச் சட்டத்திலேயே இருக்கிறது. என் தம்பி தண்டனைக் கைதிகூட இல்லை, விசாரணைக் கைதி. இதெல்லாம் வக்கீல் சொல்லிச் சொல்லி எனக்கு இப்போது மனப்பாடம். ஆனால் சட்டம் நம் பக்கம் இருந்து மட்டும் என்ன செய்ய? எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று சொல்ல எங்களிடம் சாட்சி இல்லை. மனு பார்க்க, அதாவது அவனைச் சந்திக்கப் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பார்கள். தம்பி "நல்லா இருக்கேன்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வான். நான் தையல்காரி. வாயால் அவன் சொல்லாததைச் சட்டை சொன்னது. முப்பத்தெட்டு அளவுக்குத் தைத்துக் கொடுத்த சட்டையில் தோள் தையல் கைப்பக்கம் இறங்கித் தொங்கியது. அதையா கோர்ட்டில் காட்ட முடியும்?

இவர் சொன்னார்: "எனக்கு 71 நாள் பாக்கி இருந்தப்ப அண்ணனை அங்க கொண்டாந்தாங்க. நான் வெளிய வந்த அன்னிக்கும் அண்ணன் அங்கதான்." கதவு எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அரை மணி, சில நாள் அதுவும் இல்லை. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐ.நா.வின் மண்டேலா விதிகளில், மனிதத் தொடர்பு இல்லாமல் நாளுக்கு 22 மணி நேரம் அடைத்து வைத்தாலே தனிமைச் சிறை; 15 நாளைத் தாண்டினால் அது கூடவே கூடாது. பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், உங்களுக்குத் தொல்லை வரலாம் என்று வக்கீல் ஒளிக்காமல் சொன்னார். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் யோசித்துவிட்டுப் போட்டார்.

பஸ் காசுகூட வாங்கமாட்டேன் என்றார். சரி, ஒரு சட்டையாவது தைத்துத் தருகிறேன் என்று அளவெடுத்தேன். "பாக்கெட்டுக்கு மூடி வச்சு பட்டன் தச்சிருங்கக்கா, ஊரு கெட்டுக் கிடக்கு" என்றார். வழக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

மற்றவர்களுக்கு நான் தனித்தனியாக எழுதினால் இந்த மடல் முடியாது. ஒரு ரூபாய் வாங்காத வக்கீல், ராத்திரி ஒரு மணிக்குத் தட்டச்சு செய்து அனுப்பிய அவருடைய ஜூனியர், ஜெயில் வாசலில் என் போனையும் பையையும் வாங்கி வைத்துக்கொண்ட டீக்கடை அண்ணாச்சி, மழையில் நனைந்துகொண்டு தட்டி பிடித்த கல்லூரிப் பிள்ளைகள், செய்தியை விடாமல் போட்ட நிருபர்கள், ஆணையத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த ஓய்வுபெற்ற டீச்சர், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாதவர்கள் எல்லோருக்கும் என் அம்மாவும் நானும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். எங்கள் கஷ்டத்தில் பேசாமல் விலகிப்போன சொந்தக்காரர்கள்மேலும் கோபமில்லை. (கொஞ்சம் இருக்கிறது. போகப் போகச் சரியாகும்.)

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. நாம் ஊர் ஊராகப் போட்ட கூட்டத்திலெல்லாம் "இவர் அரசியல் கைதி, திருடன் இல்லை" என்றுதானே பேசினோம்? நானும் மைக் பிடித்து அப்படிப் பேசியிருக்கிறேன். பழங்குடி மக்களுக்காகப் பாடுபட்ட பாதிரியார் ஸ்டேன் சுவாமி நம் திருச்சிப் பக்கத்தில் பிறந்தவர். ஊபா வழக்கில் உள்ளே இருந்தபோது பார்க்கின்சன் நோயால் கை நடுங்க, தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சுகுழல் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவருக்காக நாடே பேசியது, பேசத்தான் வேண்டும். அதே மாதிரி ஒரு கிழவர் செயின் பறிப்பு வழக்கில் உள்ளே இருந்து கேட்டிருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா? 1979இல் அதே சுனில் பத்ரா இன்னொரு கைதி அடிபட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். எழுதியவர் தூக்குத் தண்டனைக் கைதி. யார் எழுதினால் என்ன?

நேற்று மனு பார்க்கப் போனேன். பக்கத்தில் ஆள் நிற்கவில்லை. தம்பி சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை, வழக்கைப் பற்றிக் கேட்கவில்லை. பழைய கொட்டடிக்குப் பக்கத்துக் கொட்டடியில் ஒரு பையன் இருக்கிறானாம், இருபது வயதுகூட இருக்காதாம். ராத்திரியில் சுவரைத் தட்டிக்கொண்டே இருப்பானாம். திருட்டு வழக்கு. "அவனுக்கு இப்ப யாருக்கா தேதி சொல்றாங்க?" என்று கேட்டான்.

பையனின் ஊரை விசாரித்துவிட்டேன். புதன்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு அவன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். மனு எப்படி எழுதுவது என்று எனக்கு இப்போது தெரியும். பொதுத் தொகுதிக்கு மாறும்வரை அந்தப் பையனுக்காக எழுதிக்கொண்டே இருப்பேன் என்று தம்பியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வக்கீலுக்கு இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறார்.